கதவு திறக்காத வேகன்

தஞ்சாவூரில் ஒரு நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். ஒன்பது படி. மேலே கலசம், தசாவதாரம், நடுவில் செட்டியார் பொம்மைகள், ஓரத்தில் தலையாட்டி ராஜா ராணி. கீழே பார்க். கொலு பார்க் என்றால் உங்களுக்குத் தெரியும். கடுகு முளைக்கப்போட்ட புல்வெளி, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து, சம்பந்தமே இல்லாமல் ஒரு கிரிக்கெட் டீம். அதைச் சுற்றி ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். பிறகு கீழே உட்கார்ந்து பார்த்தேன். சுண்டல் ஆறிவிட்டது.

பொம்மை ரயில் என்றால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பளபளக்கவேண்டும். இது அழுக்காக இருந்தது. கூரையில் புகை, பக்கவாட்டில் மழைநீர் வழிந்த கோடுகள், சக்கரத்தருகில் மண். கடையில் நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வேகன்களைத்தான் வாங்கி, பெயின்ட்டைச் சுரண்டி, வெட்டி ஒட்டி, மறுபடி பெயின்ட் அடித்து இப்படி ஆக்கியிருக்கிறார். பாங்க்கிலிருந்து ரிட்டயர் ஆனபின் இதுதான் வேலை.

"புதுசா வாங்கி அதை அழுக்காக்கறதுக்கு மூணு வாரமாம். வீட்டுல இருக்கற நிஜ அழுக்கை ஒரு நாள் தொடச்சது கிடையாது" என்றார் அவர் வீட்டம்மா.

அந்த அம்மாள் சொன்னதில் விமரிசனம் இருக்கிறது. நம் ஊரில் பெயின்ட் அடிப்பது பழசைப் புதுசாக்கத்தான். மூக்கு உடைந்த முருகருக்கு மூக்கு வைத்து, நிறம் போன மயிலுக்கு நீலம் பூசி, நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைகளுக்கு மராமத்து நடக்கும். தஞ்சாவூர்ப் பொம்மைக்காரர்களைக் கேட்டால், போன வருஷத்துப் பொம்மை இந்த வருஷம் இன்னும் பளிச்சென்று இருப்பதுதான் வேலைத்திறன் என்பார்கள். (தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு எல்லாம் வந்தாகிவிட்டது.) நண்பர் போவது எதிர்த்திசை. புதுசைப் பழசாக்குகிறார். இதற்கு மேல்நாட்டில் 'வெதரிங்' என்று பெயர். வெயிலிலும் மழையிலும் கிடந்ததுபோல் ஆக்குவது.

எப்படி என்று கேட்டேன். அரைமணி நேரம் சொன்னார்.

முதலில் பளபளப்பைக் கொல்லவேண்டும். நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, ரெட் ஆக்சைடு. அதையும் டப்பாவில் இருப்பதுபோல் அடிக்கக்கூடாது. கொஞ்சம் சாம்பல் நிறம் கலக்கவேண்டும். நிஜ வேகனை நாம் எப்போதும் இருபது முப்பது அடி தள்ளி நின்று, நடுவில் காற்றையும் தூசியையும் வைத்துக்கொண்டு பார்க்கிறோம். அந்தத் தூரம் நிறத்தை வெளிறச் செய்கிறது. கையளவு வேகனில் அந்த வெளிறலையும் பெயின்ட்டிலேயே கொடுத்தால்தான் கண் நம்பும். இது எனக்குப் புதுச் செய்தி. காஞ்சிபுரத்துப் பட்டு வாங்கப்போகும்போதுகூடப் பயன்படலாம்.

காய்ந்ததும், கறுப்பும் பழுப்பும் கலந்த பெயின்ட்டை ரசத்துக்கும் தெளிவாகக் கரைத்து மேலே ஓடவிட்டு, பழைய பனியனால் மேலிருந்து கீழாகத் துடைக்கிறார். குறுக்கே துடைக்கக்கூடாது. மழை குறுக்கே பெய்யாது. பள்ளங்களில் கறுப்பு தங்கிவிடும், மேடுகள் தெளிந்துவிடும். அடுத்தது பொடி. அடுப்புக்கரி, செங்கல் தூள், சலித்த வண்டல் மண். கடைசியில் மேட் வார்னிஷ். பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றி உலோகச் சக்கரம். வேகன் லேசாக இருந்தால் வளைவில் குடை சாயும். ஆறரை அங்குல வேகனுக்குக் கிட்டத்தட்ட 120 கிராம் என்று அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தார் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு அவுன்ஸோடு, அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நண்பர் உள்ளே ஐந்து ரூபாய் நாணயங்களை ஒட்டியிருக்கிறார். "ஒவ்வொண்ணுலயும் அறுபது ரூபா லோடு இருக்கு சார்."

இனி என் புகார்கள்.

பார்க்கில் ஓடியது ஒரு ரயில் அல்ல, இரண்டு. வெளி வட்டத்தில் இப்போது ஓடும் அகலப்பாதை மூடுவேகன்கள், ரயில்வே பாஷையில் பி.சி.என். அரிசி, நெல், உரம், சிமென்ட் போவது இதில்தான். உள்வட்டத்தில் பழைய மீட்டர்கேஜ் உப்பு வேகன்கள், சின்னதாக நாலு சக்கரத்தில். இரண்டையும் செய்தது ஒரே கை, ஒரே பிரஷ், ஒரே செங்கல் தூள். ஒன்று அபாரம். மற்றது அபத்தம். ஏன் என்று யோசித்ததில்தான் இந்த வாரம் பக்கம் நிரம்புகிறது.

முதலில் அபத்தம். பி.சி.என். வேகன் முழுவதும் துரு அப்பிக்கிடந்தது. கூரை, பக்கவாட்டு, ஏணி, எங்கும் ஆரஞ்சு. துரு பொருக்குப் பொருக்காக இருக்கவேண்டும் என்று செங்கல் தூளைக் கோந்தில் குழைத்து வைத்திருக்கிறார். ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இந்த மாடலின் ஸ்கேல் 1:87. அதாவது நிஜத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் தடிமனுக்குத் துரு. அப்படி ஒரு வேகன் இருந்தால் அதற்குள் நெல் அல்ல, பழைய இரும்புக்காரன்தான் இருப்பான்.

"எங்கே பார்த்துச் செய்தீர்கள்?" என்றேன்.

"நெட்ல சார். அமெரிக்காக்காரன் போட்டிருந்தான்."

அதுதான் விஷயம். பாலைவனத்து சைடிங்கில் வருஷக்கணக்கில் வேலையில்லாமல் நின்ற ஏதோ ஒரு அமெரிக்க வேகனின் துருவைக் கொண்டுவந்து தஞ்சாவூர் வேகனுக்குப் பூசியிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் சுருக்கங்களை நம் தாத்தா போட்டோவில் வரைந்ததுபோல். அழுக்கு அலங்காரம் அல்ல. ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு காரணம், ஒரு ஊர், ஒரு சரக்கு இருக்கிறது. தஞ்சைக்கு வரும்போது அந்த வேகன் யூரியாவோ சிமென்ட்டோ கொண்டுவரும். மூட்டை இறக்கியபின் கதவு இடுக்கில் வெள்ளைத் தூசி தங்கும், மழை பட்டால் பால் போல் வழிந்து காயும். திரும்பும்போது நெல். நெல்லின் தூசி வேறு நிறம், வைக்கோல் மஞ்சள், சொனை சொனையாக. கதவில் சீல் வைத்த கம்பி முறுக்கு. சுண்ணக்கட்டியில் யாரோ கிறுக்கிய எண். போன மராமத்து எந்த ஒர்க்‌ஷாப்பில், எந்தத் தேதியில், அடுத்தது எப்போது என்று வெள்ளை எழுத்தில் பெயின்ட் செய்திருப்பார்கள். அதை மட்டும் அழுக்கின்மேல் புதுசாக எழுதியிருப்பார்கள். இதெல்லாம் ஸ்டேஷன் ஓரமாகப் பத்து நிமிஷம் நின்றால் இலவசமாகக் கிடைக்கும் தகவல்.

வேகன் எண்ணிலும் சறுக்கல். நிஜத்தில் பதினோரு இலக்கம். முதல் இரண்டு எந்த வகை வேகன், அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் (நம் தெற்கு ரயில்வே 06), அடுத்த இரண்டு செய்த வருஷம், பிறகு நாலு தனி எண், கடைசி ஒன்று மற்றவை சரியா என்று சோதிக்கும் இலக்கம். நண்பர் எல்லா வேகனிலும் தன் பழைய செல்போன் நம்பரை எழுதியிருந்தார். பத்து இலக்கம். பாங்க்கில் இருந்தவர் இப்படிச் செய்யலாமா?

போதாததற்கு இந்த ரேக்கை இழுத்துப்போனது ஒரு ஒய்.பி. நீராவி எஞ்சின். ஒய்.பி. மீட்டர்கேஜ் பாசஞ்சர் எஞ்சின். பி.சி.என். ஏர் பிரேக் வைத்த அகலப்பாதை வேகன். இரண்டும் ஒரே தண்டவாளத்தில் நிற்கவே முடியாது. ஆனால் கொலுவில் கிருஷ்ணருக்குப் பக்கத்தில் சச்சின் நிற்கும்போது இதைப் பெரிதுபடுத்துவது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன்.

தண்டவாளத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3. ஆனால் கடையில் இந்த ஸ்கேலில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்காகச் செய்தது. நம் நாட்டில் 1435ல் ஓடுவது சென்னை மெட்ரோ மாதிரி ரயில்கள். ஆகவே நண்பரின் தஞ்சாவூர் கூட்ஸ் சென்னை மெட்ரோவின் பாதையில் ஒடுங்கி ஓடுகிறது. நேர் எதிரே நின்று பார்த்தால் குண்டு மனிதர் ஒட்டடைக்குச்சிக் கால்களில் நிற்பதுபோல் தெரிகிறது. மீட்டர்கேஜுக்கு வருவோம். 1000ஐ 87ஆல் வகுத்தால் 11.5. பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் கடையில் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர்தான் பிசகு. இன்று டெல்டாவில் ஓடும் ரயிலைச் சரியாகச் செய்ய வழியில்லை; ஓடாமல் போன ரயிலைக் கச்சிதமாகச் செய்யலாம்.

டெல்டாவின் ரயில் சரித்திரமே இந்த அகலத்தின் சரித்திரம்தான். 1861ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தபோது அது அகலப்பாதை. 1870களில் செலவைக் குறைக்க அதையே மீட்டராகச் சுருக்கினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் அதில் ஓடிவிட்டு மறுபடி அகலமாக்கினார்கள். மயிலாடுதுறை விழுப்புரம் பாதை முடிந்தது 2010ல். இடையில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ஒரு சிறு வரி சேர்த்து வாங்கி, தன் சொந்தக் காசில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894ல் ரயில் விட்டது. பிறகு அது அறந்தாங்கி வரை நீண்டது. மிராசுதார்கள் நெல் வண்டியில் வராமல் ரயிலில் போகட்டும் என்று ஒரு ஜில்லா போர்டு ரயில்வே கம்பெனி நடத்திய காலம்! இன்றைக்குப் பேருந்து நிலையக் கழிப்பறைக்கே டெண்டர் விடுகிறோம்.

நண்பர் பிறந்து வளர்ந்தது திருத்துறைப்பூண்டி. மேலே சொன்ன பாதையில் ஒரு ஜங்ஷன். அங்கிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்கு ஒரு கிளை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு அள்ளிய பகுதி. அங்கே உப்பளங்கள், அந்த உப்பை ஏற்றிவர வேகன்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் லெவல் கிராஸிங்கில் தினம் நின்று அந்த வண்டியை எண்ணியிருக்கிறார்.

இப்போது உள்வட்டத்தைப் பாருங்கள்.

மலிவான சிறு வேகன் ஒன்றின் அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உடம்பைத் தூக்கி எறிந்துவிட்டார். பக்கச்சுவர்கள் கல்யாணப் பத்திரிகை அட்டை. (கனமான அட்டை, மடங்காது, பின்பக்கம் யாருடைய சுப முகூர்த்தமோ உள்ளே இருக்கிறது.) இரும்புப் பட்டைகளுக்குப் பத்திரிகை ஓரத்தை மெல்லிசாக அறுத்து ஒட்டல். ஆணித் தலைகளுக்கு அட்டையின் பின்பக்கமிருந்து ஊசியால் ஒரு அழுத்து. பிரேக் கம்பிக்கு மின்சார வயரின் ஒற்றை இழை. செலவு வேகனுக்கு இருநூறுகூட ஆகாது என்கிறார்.

இதிலும் துரு உண்டு. ஆனால் கூரையில் இல்லை. தரைப்பலகை மூலைகளில் தொடங்கி, கதவுக்குக் கீழ் மூலையில் அடர்த்தியாகி, பக்கச்சுவரில் முழங்கால் உயரத்தில் நின்றுவிடுகிறது. உப்பு கீழேதான் தங்கும், ஈரம் இழுக்கும், அங்கிருந்துதான் இரும்பைத் தின்னும். துருவின் நிறமும் ஆரஞ்சு இல்லை. காய்ந்த வெற்றிலைச் சாறு போல் கறுஞ்சிவப்பு. அதன் விளிம்பில் ஊசிமுனையளவு வெள்ளைக்கோடு, உப்புப் பூத்தது. ஒரு வேகனில் அந்தத் துரு சுவரைத் தின்று துளை போட்டிருக்கிறது. துளைக்கு மேல் ஒரு தகரத்துண்டு ஒட்டுப் போட்டிருக்கிறது. அந்த ஒட்டு மட்டும் சற்றே புதிய சிவப்பு. இதை எந்த அமெரிக்காக்காரனும் சொல்லித்தந்திருக்க முடியாது. ஓரத்தில் நிற்கும் உப்புக் குவியல் நெட்டியில் செதுக்கியது. தஞ்சாவூர்க் கடைகளில் பெரிய கோயிலைச் செதுக்கி வைத்திருப்பார்களே, அதே நெட்டி. அதன் வெள்ளை பெயின்ட்டில் வராது.

அந்தப் பாதை 2004ல் நின்றுபோயிற்று. 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. நடுவில் வந்த பத்தொன்பது வருஷத்தில் பிறந்தவர்களுக்கு அங்கே ரயில் ஓடியது என்பதே தாத்தா சொன்ன கதை. திரும்பி வந்தது ரயில்தான், அந்த ரயில் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ல் போட்ட பாதை 1986ல் மூடியது இன்னும் திரும்பவில்லை. எஞ்சினையாவது யாராவது காப்பாற்றுவார்கள். திருச்சி ரயில் மியூசியத்திலும் பெரம்பூரிலும் நிறுத்தி வைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்து, முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். ஒரு கூட்ஸ் வேகனை அதன் அழுக்கோடு யார் காப்பாற்றுவார்கள்?

இங்கிலாந்தில் ஒருவர் காப்பாற்றினார். ராய் இங்கிலாந்து என்று பெயர். நாட்டின் பெயரே இவர் பெயரும், ஆனால் ஆஸ்திரேலியாக்காரர். 1925ல் வந்து இறங்கியவர் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துக் கிராமங்களில் சுற்றினார். வைக்கோல் வேய்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்துப் பதறிப்போய், அவற்றை அளந்து மாடலாகச் செய்ய ஆரம்பித்தார். அது பெண்டன் என்ற மியூசியமாயிற்று. 1930 வாக்கில் அந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருந்ததோ அப்படியே, ரயிலோடு, வீட்டோடு, தோட்டத்து முட்டைக்கோஸோடு. மாடல் ரயிலை அழுக்காக்கலாம் என்று அந்நாட்டில் முதலில் துணிந்தவர்களில் ஒருவரான ஜான் ஏஹெர்ன் செய்த 'மேடர் வேலி' ரயிலும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் இதே வித்தையில் ஜாம்பவான் ஜான் ஆலன். மாண்டரேயில் தன் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் மலையும் பாலமுமாக ஒரு கற்பனை ரயில் நடத்தினார். 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களில் வீட்டில் தீப்பிடித்து அத்தனையும் போயிற்று. போட்டோக்கள் மிச்சம். புனேயில் ஜோஷி என்பவர் 1998ல் திறந்த குட்டி ரயில் மியூசியம் நம் நாட்டுக்காரர்கள் அவசியம் பார்க்கவேண்டியது. ஒரு நகரமே விளக்குப் போட்டுக்கொண்டு ஓடும்.

ஆலனின் மலைகள் கற்பனை. ராய் செய்தது சாட்சியம். நண்பரின் உள்வட்டம் ராய் இங்கிலாந்தின் சாதி, வெளிவட்டம் நெட்டில் படித்த சாதி. இதை நாசூக்காக எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, அந்த வேலையை வேறொருவர் செய்துவிட்டார்.

அந்தத் தெருவில் வாட்ச்மேனாக இருக்கும் பெரியவர் சுண்டல் வாங்க வந்தார். எழுபது வயது இருக்கும். அந்தக் காலத்தில் கூட்ஸ் ஷெட்டில் லோடுமேன். "உக்காருங்க பெரியவரே, ரயிலப் பாருங்க" என்றார் நண்பர். உள்வட்டம் ஒரு சுற்று வந்தது.

"இது வேதாரண்யத்து உப்பு வண்டியில்ல?" என்றார் பெரியவர் உடனே. "இதுல மூட்டை எறக்குனா முதுகு எரியும் தம்பி. ரெண்டு நாளைக்குத் தண்ணி பட முடியாது."

நண்பர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ரிட்டயர்மென்ட் அன்று மாலை போட்டபோதுகூட அப்படி மலர்ந்திருக்க மாட்டார்.

அடுத்து வெளிவட்டம். பெரியவர் இரண்டு சுற்று பார்த்தார். "இது எந்த ஊர் வண்டி?"

"தஞ்சாவூர்தான் பெரியவரே. நெல்லு வண்டி. கூட்ஸ் ஷெட்ல நிக்குமே."

பெரியவர் வேகன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணருகே கொண்டுபோனார். ஆள்காட்டி விரலால் கதவுக்குக் கீழே தடவினார். "கதவு தொறக்காத வண்டியா இருக்கே" என்றார்.

"மாடல் தானே, கதவு ஒட்டினதுதான், தொறக்காது..."

"அதச் சொல்லல தம்பி. இங்க பாரு, வாசப்படி. இங்கயும் துரு வச்சிருக்க. இங்க எப்புடித் துரு புடிக்கும்? பலகை போட்டு ஏறுவோம். காலு, மூட்டை, பலகை எல்லாம் இதுமேலதான். தேஞ்சு தேஞ்சு வெள்ளிக்காப்பு மாதிரி மின்னும். துரு புடிக்கக் கதவு சும்மா கெடக்கணும். சும்மா கெடந்தா எங்களுக்குக் கூலி ஏது?"

வேகனை ஜாக்கிரதையாகத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, சுண்டலை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாடல் ரயில் பற்றிய புத்தகங்கள் எத்தனையோ உண்டு. எந்த இடத்தில் துரு வைப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். எந்த இடத்தில் வைக்கக்கூடாது என்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்ன இந்த விமரிசனத்துக்கு ஈடாக நான் படித்ததில்லை. வேலையில்லாத வண்டியின் அழுக்கு வேறு, வேலை செய்யும் வண்டியின் அழுக்கு வேறு. முன்னது மழை செய்தது. பின்னது மனிதர்கள் செய்தது. நண்பர் தன் பி.சி.என். வேகனில் மழையை மட்டும் வரைந்திருக்கிறார். நல்ல வேளை, உப்பு வண்டியில் அப்படிச் செய்யவில்லை. போய்ப் பார்த்தேன், அதன் வாசல் விளிம்பில் பென்சில் ஈயத்தைத் தேய்த்து மினுக்கம் கொடுத்திருந்தார். "ஏன் அங்கே மட்டும்?" என்றேன். "தெரியல சார். சின்ன வயசுல பார்த்தப்ப அந்த இடம் பளபளன்னு இருக்கும். அதான்" என்றார். காரணம் தெரியாமலே கை சரியாகச் செய்திருக்கிறது.

என் பங்குக்கு ஒரு புகார் மட்டும் பாக்கி வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டு வந்தேன். செய்தித்தாளில் அடிக்கடி ஒரு மூலையில் வரும்: தஞ்சாவூரிலிருந்து ஆயிரம் டன் நெல் 21 வேகன்களில் அரவைக்கு அனுப்பிவைக்கப்பட்டது. முழு ரேக் என்றால் 42 வேகன், இரண்டாயிரம் டன் என்று வரும். படித்துவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுவோம். கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. ஆயிரம் டன் என்றால் 25,000 மூட்டை. வேகனுக்குக் கிட்டத்தட்ட 1,190. ஒவ்வொன்றும் ஒரு முதுகில் ஏறி ஒரு முதுகிலிருந்து இறங்குகிறது. இவர் கூட்ஸ் ஷெட்டில் பிளாட்பாரம் இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, குரோட்டன்ஸ்கூட இருக்கிறது. ஒரு ஆள் இல்லை. ஒரு மூட்டை இல்லை. சிந்திய நெல்லைப் பெருக்கும் பெண்கள் இல்லை. கிரிக்கெட் டீமுக்குப் பதினோரு பேர் இருக்கிறார்கள்.

"ஆளுங்க விலை ஜாஸ்தி சார். ஜெர்மனிக்காரன் பொம்மை, ஆறு பேர் ஆயிரத்துச் சொச்சம். அதுவும் கோட்டு போட்டிருப்பான்."

"மூட்டையாவது?"

யோசித்தார். நெல் மூட்டை முக்கால் மீட்டர் சொச்சம் நீளம் என்று வைத்தால் இந்த ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய காடாத்துணி, உள்ளே ரவை, ஓரம் ஒரு தையல்.

போன வாரம் போன் செய்தார். வெளிவட்டத்து வேகன்களின் துருவை மெத்திலேட்டட் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாயிற்றாம். ஸ்டேஷனுக்கு மூன்று நாள் போய் நின்று பார்த்து, ஒரு வேகனுக்கு மட்டும் மறுபடி பெயின்ட். ஏணிப்படிகூட நடுவில்தான் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். பெரியவர் பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னாராம். மூட்டை தைப்பது அவர் வீட்டம்மா. அழுக்கு சமாசாரம் இல்லை என்பதால் சம்மதித்திருக்கிறார். இதுவரை நூற்றுப் பதினெட்டு ஆகியிருக்கிறதாம்.

ஒரு வேகனுக்கு இன்னும் 1,072 பாக்கி.